கம்பியில் சுற்றிய தோல்

பேகம்பூர், திண்டுக்கல்
26-11-2023

அன்புத் தம்பி ஆசாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மதினி பர்ஹானாவும் நலம். கொச்சியில் நீயும் பாஸிலாவும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

போன வாரம் போனில் நான் கத்தியதும், நீ பாதியில் வைத்ததும் உன் மதினிக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் போன எடுத்தா அஞ்சாவது நிமிசம் சண்டை. இனிமே எழுதிக்கங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோவம் கை வலியிலயே போயிரும்" என்று சொல்லி ஒரு கட்டு உறை வாங்கி வைத்துவிட்டாள். ஸ்டாம்பு ஒட்டுவதும் தபாலில் போடுவதும் அவள் பொறுப்பு. அவளும் படிப்பாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

நீ படகு வாங்கியதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்துல் ஹக்கீம் போனில் உன் படகுப் போட்டோவை நீட்டி, "என்னண்ணே, ஒங்க தம்பி கப்பல் வாங்கிட்டாராமே" என்றான். அவன் உன்னோடு படித்தவன், அவ்வளவுதான். அவனுக்குத் தெரிகிறது. கூடப் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னமே தெரிந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்தேன்.

வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் பிறந்தவனுக்குப் பாய்மரப் படகு. சரி, இருக்கட்டும். புதுசா, பழசா? எத்தனை அடி? ஓட்டை உடைசல் உண்டா? போட்டோவில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவர் யார்?

உன் அண்ணன்,
நாசர்


கொச்சி
10-12-2023

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

வ அலைக்குமுஸ் ஸலாம். உங்கள் சுகர் இப்போது எப்படி இருக்கிறது? பாஸிலாவுக்குச் சளி பிடித்துத் தேவலையாகிவிட்டது. இறால் கம்பெனி வேலை எப்போதும் போலத்தான்.

படகு இருபத்தாறு அடி, முழுக்கப் பைபர். வயது நாற்பது, எனக்கு ஒரு வயது இளையது. ஒரு வெளிநாட்டுத் தம்பதி இங்கே விட்டுவிட்டுப் போய், ஆறு வருடம் கேட்பாரில்லாமல் கிடந்தது. போட்டோவில் இருப்பவர் கண்ணன் அண்ணன். தூத்துக்குடிக்காரர். முப்பது வருடமாக இங்கே மீன்பிடிப் பைபர் படகுகளைப் பழுது பார்க்கிறார். உங்களுக்கு இரண்டு வயது மூத்தவர். படகில் பாதிப் பங்கு அவருடையது.

வாங்குவதற்கு முன்னால் கண்ணன் அண்ணன் ஒரு சின்னச் சுத்தியலால் படகு முழுக்கத் தட்டிப் பார்த்தார். நல்ல இடம் டக்கென்று கேட்கும். மேல்தளத்தில் இரண்டு பைபர் ஏட்டுக்கு நடுவில் மரம் வைத்திருப்பார்கள். திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அந்த மரம் மக்கிப்போனால் சத்தம் மொத்தென்று அமுங்கிவிடும். அமுங்கிய இடத்தையெல்லாம் கண்ணன் அண்ணன் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்தபோது மேல்தளத்தில் பாதிக்கு மேல் வட்டம். அடிப்பக்கம் கை வைத்த இடமெல்லாம் கொப்புளம். வேண்டாம் என்று நான் கிளம்பிவிட்டேன். கண்ணன் அண்ணன்தான், "கூடு கெட்டியாக் கெடக்கு தம்பி. மத்ததெல்லாம் நம்ம கைவேலைதான்" என்று நிறுத்தினார். இப்போது ஞாயிறுதோறும் கண்ணன் அண்ணனும் நானும் காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டும்வரை சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். சொன்னால் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை நான் இதுவரை செய்ததில்லை. இதைச் செய்ய ஆசையாக இருந்தது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடாதீர்கள்.

தம்பி,
ஆசாத்


திண்டுக்கல்
24-12-2023

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். சுகர் கூடவும் இல்லை குறையவும் இல்லை. பாஸிலாவின் சளி நின்றதில் சந்தோஷம்.

உன் கடிதத்தில் 'கண்ணன் அண்ணன்' ஐந்து இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். வயதில் மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவான் என்கிறாள் உன் மதினி. 'கண்ணன் சார்' என்று கூப்பிடலாம். 'மேஸ்திரி' என்று கூப்பிடலாம். தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? எனக்கு நீ ஒருவன்தான் தம்பி. உனக்கு அண்ணன் எத்தனை பேர் என்று இனி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்போல. "பொறாமையாங்க?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். நான் டீயைக் குடித்தேன்.

ஹக்கீமைப் பிடித்து அவன் போனில் இந்த மாதிரிப் படகுகளைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பாய் உரசும் இடங்களில் தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவ்வளவும் மட்டமான தையல். உன் படகில் எங்கெங்கே வேண்டும் என்று அளவு எடுத்து எழுது. நம் ஷாப்பில் பதனிட்ட தோலையே அனுப்புகிறேன். உன் கண்ணனுக்குப் பைபர் தெரியலாம், தோல் தெரியாது.

சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். அழுகுவதற்குள் வாங்கிக்கொள்.

நாசர்


கொச்சி
21-01-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். பழம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. இருவரும் சுகம். மதினியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மேல்தளத்தை அறுத்து, மக்கிய மரத்தை வழித்தெடுத்து, புது மரம் வைத்து மேலே பைபர் ஒட்டி முடித்துவிட்டோம். பைபர் தூள் உடம்பெல்லாம் ஏறி ஒரு மாதமாக அரிப்பு. பாஸிலா என்னை வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொல்கிறாள். கொப்புளங்களை ஒவ்வொன்றாக உடைத்து, காயவைத்து, ரெசின் பூசி அடைத்தோம். முந்நூற்றுப் பதினாறு கொப்புளம்.

தோல் கட்டாயம் வேண்டும் அண்ணே. பாய்மரத்தின் பாதி உயரத்தில் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி குறுக்குச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் உரசித்தான் பாய் கிழியும். அங்கேயும், சுக்கான் கைப்பிடிக்கும் வேண்டும். அளவு தனித்தாளில் இருக்கிறது. ரப்பர் ஓஸ் போதும் என்றார் கண்ணன் அண்ணன். எங்கள் அண்ணன் தோல் இருக்கும்போது ரப்பர் எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

ஒரு செய்தி. மதியத்துக்குப் பாஸிலா கட்டிக்கொடுக்கும் பிரியாணியைப் படகுக்குள்ளேயே ஒரே தட்டில் கொட்டி, சஹன் மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். அவருக்கு நம் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

தம்பி,
ஆசாத்


திண்டுக்கல்
11-02-2024

ஆசாத்துக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம்.

ஹக்கீமின் தங்கை மகளுக்குப் போன வாரம் நிக்காஹ் நடந்தது. சஹனுக்கு நான்கு பேராக உட்காரவைத்தார்கள். மற்ற மூவரும் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அத்தா மௌத்தானதிலிருந்து எந்த விருந்திலும் நீயும் நானும் வேறு வேறு சஹனில் உட்கார்ந்ததில்லை. எனக்கு விழுந்த கறியை உன் பக்கம் ஒதுக்குவேன். நீ பார்க்காத மாதிரி எடுத்துச் சாப்பிடுவாய். அதை நீ இப்போது யாருக்கோ பழக்கிக் கொடுத்திருக்கிறாய். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

கேட்ட தோலைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அளவுக்கு மேலேயே இருக்கும். ஷாப்பில் ஆர்டர் நெருக்குவதால் படகைப் பார்க்க வரமுடியாது.

நாசர்

தம்பிக்கு மதினி எழுதுவது: முழங்கால் வலி பரவாயில்லை. உங்கள் அண்ணன் பார்சலுக்குள் ஏதோ ஒரு சீட்டு எழுதி வைத்தார். நான் பார்சலின் வாயைத் தைத்து முடித்த பிறகு பிரிக்கச் சொல்லி அதை எடுத்துவிட்டார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். உங்களுக்குத் தேவையானதாக இருந்தால் எழுதிக் கேளுங்கள்.


கொச்சி
03-03-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நோன்பு நெருங்குகிறது. மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டீர்களா?

சஹன் விஷயத்தை நான் எழுதியிருக்கக்கூடாது. உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

தோல் வந்துவிட்டது. கொம்பு நுனியில் வைத்துத் தைத்தாகிவிட்டது. சுக்கான் கைப்பிடியைப் பிடித்தால் விட மனமில்லை. போன வாரம் படகைத் தண்ணீரில் இறக்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான் மூன்று தடவை உள்ளே போய்த் தரையைத் தடவிப் பார்த்தேன்.

பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கிற ஆறு கம்பிகளையும் மாற்றியிருக்கிறோம். துருப்பிடிக்காத கம்பி அந்த அளவில் இங்கே கிடைக்கவில்லை. வரும்வரைக்கும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி போட்டிருக்கிறோம். கம்பிகளின் அடிப்பாகத்தில் கயிறு உரசுகிறது. மிச்சத் தோலை அங்கே சுற்றித் தைத்துவிடலாமா என்று ஒரு யோசனை. மதினி ஏதோ சீட்டு என்று எழுதியிருந்தார்கள். என்ன சீட்டு அண்ணே?

தம்பி,
ஆசாத்


திண்டுக்கல்
17-03-2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. வெயில்தான் தாங்க முடியவில்லை. டாக்டர் மாத்திரையை சஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

சீட்டு ஒன்றுமில்லை. எத்தனை துண்டு என்று எழுதியிருந்தேன். நீயே எண்ணிக்கொள்வாய் என்று எடுத்துவிட்டேன்.

கம்பி விஷயத்தில் நான் என்ன சொல்ல? முப்பது வருடமாகப் படகிலேயே கிடக்கிறவருக்குத் தெரியாததா? அவர் சொல்கிறபடி செய்.

பாஸிலாவுக்கு ஸலாம் சொல்லவும்.

நாசர்


கொச்சி
18-04-2024

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

ஸலாம். பெருநாளுக்கு ஊருக்கு வரமுடியாததில் எங்கள் இருவருக்குமே வருத்தம். போனில் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்டோம், நல்லவேளை சண்டை வரவில்லை.

ஆறு கம்பிக்கும் தோல் சுற்றித் தைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கரையில் போகிறவர்கள் நின்று தையலைப் பார்க்கிறார்கள். திண்டுக்கல் தோல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மே பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கோழிக்கோட்டுக்குப் புறப்படுகிறோம். கண்ணன் அண்ணனும் நானும் மட்டும். காற்று ஒத்துழைத்தால் ஒன்றரை நாள். பருவமழை இறங்குவதற்குள் திரும்பிவிடுவோம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு இரவு இருக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் ஆசை. நீங்கள் வழியனுப்ப வந்தால் எனக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி,
ஆசாத்


திண்டுக்கல்
09-05-2024

ஆசாத்,

இந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால், கம்பிகளில் சுற்றியிருக்கிற தோலை அறுத்து எடுங்கள். எடுத்துவிட்டு வந்து மீதியைப் படி.

நேற்று போனில், ஞாயிற்றுக்கிழமை போகாதே என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டாய். வாய் வரவில்லை. "ஒங்களுக்குப் பிடிக்கலேங்கிறதுக்காக நாங்க கடலுக்கே போகக் கூடாதாண்ணே?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். அப்படிக் கேட்கிற மாதிரிதான் நான் ஆறு மாதமாக நடந்திருக்கிறேன். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. ஹக்கீம் இன்று இரவு பழனி வழியாகப் பஸ் ஏறி வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் மதினிக்கு விஷயம் முழுதும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசவில்லை.

அது, வளைத்துத் தைக்க இலகுவாக இருக்கட்டும் என்று பதனிடும்போது பாதியில் எடுத்த தோல். உப்பிலும் ஆசிட்டிலும் ஊறியது. நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி நிழலில் உலர்த்தாமல் இரும்பில் படவிடக்கூடாது. நம் ஷாப்பில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் இது தெரியும். கடலிலும்தானே உப்பு இருக்கிறது என்று நினைக்காதே. திறந்து கிடக்கிற கம்பியை மழையும் காற்றும் பார்த்துக்கொள்ளும். தோலுக்குள் ஈரத்தோடு அடைபட்டது அங்கேயே இருந்து கம்பியைத் தின்னும். வெளியே பார்த்தால் தையல் அழகாகத்தான் இருக்கும்.

சீட்டில் இதைத்தான் எழுதியிருந்தேன். மூன்று தடவை அலசவும் என்று. உன் சஹன் கடிதம் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சீட்டை எடுத்துவிட்டேன். கொம்பு நுனியில் துரு இறங்கி வெள்ளைப் பாயில் கறை படியட்டும், எல்லாம் தெரிந்த கண்ணன் அண்ணன் உன் முன்னால் திருதிருவென்று முழிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் ரசித்துக்கூட இருந்தேன். கறைக்கு மேல் எதையும் நினைக்கவில்லை. அல்லாஹ் அறிவான்.

ஆனால் கம்பியில் சுற்றப்போவதாக எழுதி, சீட்டு என்னவென்றும் நீ கேட்டாய். அப்போது எனக்குத் தெரியும். நோன்பு வைத்த வாயோடு துண்டுக் கணக்கு என்று எழுதினேன். உண்மையை எழுதினால், முதலில் ஏன் எழுதவில்லை என்று கேட்பாயே, அதற்குப் பயந்தேன். முப்பது வருடம் படகில் கிடந்தவர் தோலை ஒரு தடவை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாரா என்று பழியை அவர் மேல் தள்ளிப் பார்த்தேன். இத்தனை நாள் தூங்கியது அந்தத் தைரியத்தில்தான்.

அத்தா காலத்திலிருந்து நம் ஷாப்பில் ஒரு தோலைக் கைமாற்றும்போது அதன் குறையைச் சொல்லாமல் கொடுத்ததில்லை. கத்தி பட்டிருந்தால் கத்தி பட்டது என்போம், உண்ணி கடித்திருந்தால் உண்ணி கடித்தது என்போம். முன்பின் தெரியாத வியாபாரிக்கே அப்படி. சொல்லாமல் கொடுத்தது உனக்குத்தான் முதல் தடவை.

கண்ணனிடமும் இதைக் காட்டு. போகாதே ஆசாத்.

நாசர்


திண்டுக்கல்
20-06-2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பக்ரீத் முடிந்தது. குர்பானிக் கறியில் உன் பங்கை வழக்கம்போல ஒதுக்கி, நீ வராததால் அக்கம்பக்கத்தில் கொடுத்தோம்.

ஹக்கீம் திரும்பி வந்து சொன்னதெல்லாம் இவ்வளவுதான். படகுத்துறையில் நின்றபடியே முதல் இரண்டு வரியைப் படித்தாயாம். கத்தியை எடுத்துக்கொண்டு படகுக்குள் போனாயாம். வெகுநேரம் கழித்து வந்து, மீதியைப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஸலாம் சொல்லுங்க" என்றாயாம். நீங்கள் புறப்படவில்லை என்பதைப் பாஸிலா உன் மதினிக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எழுது. கம்பி எப்படி இருந்தது? ஒன்றுமே ஆகியிருக்காது என்று பகலில் நினைத்துக்கொள்கிறேன். அதையும் நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாசர்


கொச்சி
04-08-2024

அண்ணனுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். பாஸிலாவும் நானும் சுகம். உங்கள் சுகர் ஏறிவிட்டதாக மதினி சொன்னார்கள். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்களா என்று தெரிவிக்கவும். மழை இன்னும் விட்டபாடில்லை. படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம்.

கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோலை அறுத்தபோது நான்கு கம்பியில் துத்தநாகம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஒன்றில் உள்ளே பழுப்பேறியிருந்தது. முன்பக்கத்துக் கம்பியைக் கண்ணன் அண்ணன் திருப்புளியால் நெம்பியதும் இரண்டு இழை விட்டுவிட்டது. பாய் முழுக்க விரித்துக் காற்றைப் பிடித்திருந்தால் பாய்மரம் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும் என்றார். ஆறையும் கழற்றிவிட்டோம். துருப்பிடிக்காத கம்பி போன வாரம் வந்தது.

உங்கள் கடிதத்தைக் கண்ணன் அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அக்டோபரில் காற்று திரும்பியதும் புறப்படுகிறோம். உங்களை வரச்சொல்லி எழுதத்தான் மூன்று தடவை உட்கார்ந்தேன். இன்னும் கை வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று இதையும் எழுதுகிறேன்.

அவர் தோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். இதை எழுதுவதா வேண்டாமா என்றுதான் இத்தனை நாள் ஆயிற்று. பார்சலைப் பிரித்த அன்றைக்கே முகர்ந்து பார்த்தார். "என்னமோ புளிச்ச வாடை அடிக்குல்லா தம்பி, அலசிட்டுச் சுத்துவோமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் குறையைச் சொல்லாமல் தோல் கொடுக்க மாட்டார்கள் என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. அதனால்தான் சீட்டைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். நீங்கள் ஒன்றுமில்லை என்று எழுதிய கடிதத்தை அவரிடம் நீட்டி, "பாத்தீங்களா, எங்கண்ணன் எழுதிட்டாரு" என்றேன். அன்று மத்தியானமே உட்கார்ந்து ஆறு கம்பிக்கும் நானே தைத்தேன்.

தம்பி,
ஆசாத்